ஒரு சொல், மூன்று வெறுந்தட்டு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷங்களைத் தள்ளிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாடச் சொன்னால் தொண்டை காயும்வரை பாடுவேன். எழுதச் சொன்னால் பேனாவைத் தேடுவதிலேயே பொழுதைக் கழிப்பேன். அதுவும் போக, இது இன்னொரு வீட்டு அம்மாவைப் பற்றிய விஷயம். அவர்களைக் கேட்காமல் எழுதக் கூடாது. கேட்கவும் எனக்குக் கூச்சம்.

அதற்குள் இந்தச் சங்கதி ஊர் ஊராகப் போய், போன இடமெல்லாம் ஒரு முழம் வளர்ந்து, போன ஆடியில் ஒரு கோயில் கொடைப் பந்தலில் எனக்கே திரும்பி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர் முழுக்கதையும் சொன்னார். அதில் பாதி நடக்கவே இல்லை.

"நீங்க அங்க இருந்தீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"இருந்தேனாவா? மைக்குக்குப் பக்கத்துலயே நின்னேன்" என்றார்.

மைக்கைப் பிடித்திருந்தவன் நான்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு பாயசத்தைக் குடித்துவிட்டு வந்தேன். இனியும் தாமதிக்கக் கூடாது என்று மீனாட்சியைக் கும்பிட்டு உட்கார்ந்துவிட்டேன். கும்மிக்கு மைக் பிடிக்கப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, இது உங்களுக்குத்தான்.

நம் தொழில் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முளைப்பாரி போட்ட ஊரில் நம்மைக் கூப்பிடுவார்கள். மண் சட்டியில் நவதானியம் விதைத்து, இருட்டறையில் வளர்த்து, அம்மனுக்கு முன்னால் நடுவில் இறக்கி வைப்பார்கள். சுற்றிப் பெண்கள் நின்று கைகொட்டுவார்கள். நாம் ஓரத்தில் நின்று பாடுவோம். ஒரு வரிக்கு நாலு தட்டு. அந்த நாலு தட்டுக்குள் வரி அடங்க வேண்டும். வரிக்கு வரி இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை, முதல் எழுத்து ஒத்துவந்தால் மோனை. இவை அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். "மாரி" என்று ஒரு வரியைத் தொடங்கினால், அடுத்து "சூரி"யோ "காரி"யோ வரப்போகிறது என்று பெண்களின் காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கை தானாக மேலே போகும். புதுப் பாட்டைக்கூட அவர்கள் பாதியில் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

வார்த்தை குறைந்தால் என்ன செய்வோம்? "தன்னானே" போட்டு நிரப்புவோம். அதற்கும் இடமில்லை என்றால் "ஏலேலோ". மைக் சும்மா இருக்கக் கூடாது என்பது நம் தொழிலில் எல்லோரும் காக்கிற விதி. மைக் ஒரு மூச்சு நேரம் அமைதியானால் கை தடுமாறும், கை தடுமாறினால் கால் தடுமாறும், வட்டம் சந்தைக்கூட்டம் ஆகிவிடும். நானும் என் பின்பாட்டுக்காரன் மாயழகும் அந்த விதியைச் சாமிக்குச் சொன்ன சத்தியம் போலக் காத்தவர்கள்.

அப்படி இருந்த எங்களிடம்தான் பவித்ரா வந்தாள்.

ஒத்தக்கடையில் என் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். காளவாசலில் ஒரு செல்போன் கடையில் வேலை, குடியிருப்பது செல்லூர், சொந்த ஊர் திருவாதவூருக்குப் பக்கத்தில் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவளுடைய ஊர் முளைப்பாரிக்கு அந்த வருஷம் நாங்கள்தான் பாட ஒப்புக்கொண்டிருந்தோம்.

"பெரியப்பா, நான் ஒரு பாட்டு எழுதியிருக்கேன். அதை நீங்க கும்மியில பாடணும். நேர்த்திக்கடன்."

"அதுக்கென்னம்மா, ஜமாய்ச்சிடலாம்" என்றேன். போனை நீட்டினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். இதுதான் அது. அவளிடம் கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்:

மண்.
மண்ணுக்குள் விதை.
விதைக்குள் ஒரு மூச்சு.
மூச்சு முட்டியும் சாகாத பச்சை.

பச்சை.
பச்சைக்குள் வெளிச்சம்.
வெளிச்சத்துக்குள் ஒரு சொல்.
சொல் வராமலே நிமிர்ந்த முளை.

முளை.
முளையோடு தாய்.
தாயோடு அத்தனை பெண்கள்.
பெண்கள் கைகொட்டக் கேட்கிறது மண்.

மாயழகு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "என்ன மாப்ள, மளிகைச் சாமான் எழுதுன மாதிரி இருக்கு? மண்ணு, பச்சை, முளை... உப்பு, புளியைக் காணோம்."

"சும்மா இருடா."

"இதுல எதுகை எங்க இருக்கு? மோனை எங்க இருக்கு? ஒரு வரி ஒத்த வார்த்தை, ஒரு வரி நாலு வார்த்தை. இதுக்குக் கை கொட்டுனா பொம்பளைக நம்மளைத்தான் கொட்டுவாக."

அந்தப் பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. "ஒரு வார்த்தைகூட மாத்தக் கூடாது பெரியப்பா. இந்த வார்த்தைகளைச் சொல்லித்தான் அம்மன்கிட்ட வேண்டியிருக்கேன்" என்றாள்.

வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். வார்த்தையை மாற்றவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தோம். "மண்ணே தன்னானே, தானே தன்னானே" என்று முதல் வரியை நிரப்பினேன். "மண்ணுக்குள் விதையாம் தில்லாலே" என்று மாயழகு பிடித்துக்கொண்டான். நாலு வரிக்கும் நாலு தட்டு அளவாக வந்துவிட்டது. மெட்டும் துள்ளலாக இருந்தது. மாயழகு தொடையில் தட்டிக்கொண்டே, "பார்த்தியா, மளிகைச் சாமான்ல விருந்து வச்சுட்டோம்" என்றான்.

பவித்ரா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு பெரியப்பா. ஆனா எங்க அம்மா நிக்க இதுல இடமில்லையே."

எனக்குப் புரியவில்லை. அவள் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் மருமகள் தமிழாசிரியை. பள்ளிக்கூடம் விட்டு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தவளிடம் போனைக் காட்டினேன். பவித்ரா எனக்கு அனுப்பி வைத்திருந்தாள். மருமகள் படித்தாள். திரும்பப் படித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"மாமா, இது புதுக்கவிதை. அசை, சீர், தளைன்னு இதுல தேடுனா கிடைக்காது. ஆனா கட்டுப்பாடே இல்லாம எழுதுனதில்ல. ஒவ்வொரு பத்தியிலயும் வார்த்தைகளை எண்ணுங்க."

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அடுத்ததிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூன்றாவதிலும் அப்படியே.

"இன்னொண்ணு பாருங்க. ஒரு வரி எந்தச் சொல்லுல முடியுதோ, அதுலதான் அடுத்த வரி ஆரம்பிக்குது. மண், மண்ணுக்குள். விதை, விதைக்குள். இது அந்தாதி மாமா. நம்ம சாமி பாட்டுகள்ல வருமே, அதே கட்டுமானம். எதுகை இல்லாத குறையை இது தீர்த்துடுது. கடைசியில பாருங்க, மண்ணுல ஆரம்பிச்சது மண்ணுலயே வந்து முடியுது. அப்ப இது முடியவே இல்ல. சுத்திக்கிட்டே இருக்கலாம்."

"வட்டம்" என்றேன்.

"ஆமா, வட்டம்."

என் கை தானாகத் தொடைக்குப் போய்விட்டது. வார்த்தைக்கு ஒரு தட்டு வைத்துப் பார்த்தேன். முதல் வரி ஒரு சொல், ஒரு தட்டு. மீதி மூன்று தட்டு வெறும் கை. இரண்டாம் வரியில் இரண்டு சொல், இரண்டு வெறுந்தட்டு. மூன்றாம் வரியில் ஒரே ஒரு வெறுந்தட்டு. நாலாம் வரியில் சொல் முழுசாக நிறைந்துவிடுகிறது. வாய் பேசாத இடத்தைக் கை பேசுகிறது. போகப் போக வாய் பெருகுகிறது. நாங்கள் "தன்னானே" போட்டு அடைத்தது அந்தப் பெண் வேண்டுமென்றே திறந்து வைத்திருந்த கதவை!

"யம்மா, எம்புட்டு அழகா இருக்கு" என்றேன். மருமகள், "நீங்க தட்டிக் காட்டுன பிறகுதான் மாமா எனக்கே காதுல கேட்டுச்சு" என்றாள். அவளுக்குக் கண்ணில் தெரிந்தது, எனக்குக் கையில் தெரிந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அடுக்களையில் தட்டிக்கொண்டிருந்தோம். என் பேரன் வந்து, "தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் என்னாச்சு?" என்று பாட்டியிடம் கேட்டான்.

மாயழகு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "மூணு தட்டு வெறுந்தட்டா? மாப்ள, மைக்கு செத்துப்போச்சுன்னு கமிட்டிக்காரன் ஓடி வருவான். மைக்செட்டுக்காரன் வயரை ஆட்டிப் பார்ப்பான்."

மறுநாள் பவித்ரா வந்தபோது பாடிக் காட்டினேன். "மண்" என்றேன். பிறகு மூன்று தட்டு, வாயை மூடிக்கொண்டு. அவள் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

அவளுடைய அம்மா பாண்டியம்மா. அந்த ஊர்க் கும்மி வட்டத்தில் பாண்டியம்மாவின் குரல் இருந்தால் மைக் வேண்டாம் என்பார்கள். செல்லூரில் தறிக்கு நூல் சுற்றுகிற வேலை பார்த்தவர். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே அப்படி ஒரு குரல். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. கை பாதி திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர், முதலில் ஒரு சொல், அது வந்த பிறகு இரண்டு சொல், பிறகு மூன்று என்று பழக்கச் சொன்னாராம். பவித்ரா கடைக்குப் போவதற்கு முன்னாலும் வந்த பின்னாலும் அம்மாவோடு உட்கார்ந்து பழக்கினாள். ஒற்றைச் சொல் வருகிறது. அதுவும் நினைத்தவுடன் வருவதில்லை. தேடித் தேடித்தான் வருகிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் பாண்டியம்மா உள்ளே போய்விடுவார். கோயிலுக்கும் போவதில்லை.

"அம்மா மறுபடி ஒரு சொல்லாவது பேசிட்டா, உன் முளைப்பாரியில, அந்த வட்டத்துல நிறுத்தி அவங்க வாயாலயே சொல்ல வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன் பெரியப்பா. ஒவ்வொரு பத்தியிலயும் முதல் சொல் அம்மாவுக்கு. மிச்சம் உங்களுக்கு. அம்மா ஒரே ஒரு தடவை வர்றேன்னு தலையாட்டியிருக்காங்க. அங்க யாராவது சிரிச்சுட்டா, பாவம்னு சொல்லிட்டா, அப்புறம் அவங்க வெளியவே வர மாட்டாங்க."

மாயழகு அன்று அதற்கு மேல் ஜோக் அடிக்கவில்லை. "செல்லூருக்கு எப்பப் போகலாம்?" என்று மட்டும் கேட்டான்.

போனோம். சந்துக்குள் இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்தது. பாண்டியம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பினார். மாயழகு வாசலிலேயே நின்று, "அக்கா, உங்க ஊர்ல பாட வந்த வருசம் என்னைத் தாளம் தப்புனவன்னு வட்டத்துக்கு நடுவுல நின்னு வஞ்சீகளே, மறந்துட்டீகளா? இப்பவும் தப்பித்தான் பாடுறேன், வந்து திட்டுங்க" என்றான்.

பாண்டியம்மா நின்றார். உதடு அசைந்தது. நாங்கள் காத்திருந்தோம்.

"போ!" என்றார்.

"ஒத்த வார்த்தையில விரட்டிப்புட்டீகளே அக்கா! முன்னால இதுக்கு ஒரு மணி நேரம் ஆகும்" என்றான் மாயழகு. பாண்டியம்மா சிரித்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிய சிரிப்பு. ஆனால் முழுச் சிரிப்பு. பவித்ரா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் உட்கார்ந்து பழகினோம். "மண்" என்ற சொல் சில நேரம் உடனே வரும். சில நேரம் வரவே வராது. வராதபோது நான் மெல்ல எடுத்துக் கொடுப்பேன். எடுத்துக் கொடுத்தால் பாண்டியம்மா வாயை இறுக மூடிக்கொள்வார். இடது கையால் "வேண்டாம்" என்று காட்டுவார். அவருக்கு வேண்டியது என் உதவி இல்லை, நேரம். அதை நான் புரிந்துகொள்ளச் சில நாள் ஆனது. தட்டை எப்போது தொடங்குவது என்பதையும் அங்கேதான் முடிவு செய்தோம். மற்ற பாட்டுக்கெல்லாம் தட்டு ஓடும், சொல் அதைப் பிடிக்க ஓடும். இந்தப் பாட்டுக்கு மட்டும் சொல் வரும்வரை தட்டு நிற்கும். சொல் வந்த பிறகுதான் கை விழும்.

கிளம்பும்போது, "அப்ப வருவீகளா அக்கா?" என்று கேட்டேன்.

நன்றாக யோசித்து, "வாரேன்" என்றார்.

முளைப்பாரி வளர்கிற நாட்களில் அந்த ஊர்ப் பெண்கள் சாயங்காலமானால் கூடிக் கும்மி பழகுவார்கள். என் மருமகளே வந்து பாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். வெறுந்தட்டு என்றதும் பெண்களுக்கு ஒரே வேடிக்கை. "பாட்டே இல்லாம கொட்டணுமா? இது எங்க வீட்டுக்காரரு மாதிரி இருக்கு, வாயே திறக்க மாட்டாரு" என்றாள் ஒருத்தி. "உன் வீட்டுக்காரருக்கு எங்கடி சந்து கிடைக்குது வாயைத் திறக்க?" என்றாள் அடுத்தவள். சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. பாண்டியம்மா வரப்போகிறார் என்று சொன்னதும் சிரிப்பு தானாக நின்றது. அதன் பிறகு யாரும் தட்டைத் தவறவிடவில்லை.

திருவிழா அன்று விளக்கு வைக்கிற நேரம். பச்சையும் மஞ்சளுமாக முளைப்பாரிகள் நடுவில் இறங்கியிருந்தன. அம்மன் அலங்காரத்தைப் பார்க்க இரண்டு கண் போதவில்லை. வழக்கமான பாட்டுகளைப் பாடி வட்டம் சூடு பிடித்திருந்தது. கமிட்டித் தலைவர் என் காதருகில் வந்து, "அந்தப் புதுப் பாட்டு ஒரே ஒரு சுத்துதான்ணே. தீபாராதனைக்கு நேரமாகுது" என்றார். சரி என்றேன்.

பவித்ரா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாண்டியம்மா மஞ்சள் சேலையில் இருந்தார். வட்டத்தில் இடம் விட்டார்கள். வலது கை ஓங்காது என்பதால், மகள் தன் உள்ளங்கையை நீட்டினாள். அம்மாவின் இடது கை அதன்மேல் கொட்டுவதாக ஏற்பாடு. கையில் பிடிக்கிற மைக் ஒன்றைப் பவித்ராவிடம் கொடுத்திருந்தேன். அதை அம்மாவின் வாயருகே வைத்தாள்.

பெண்கள் எல்லோரும் கையை உயர்த்தினார்கள். நான் தலையசைத்தேன்.

சொல் வரவில்லை.

தம்பிகளே, தங்கச்சிகளே, நான் உங்களிடம் சொல்ல வந்ததே இந்த நேரத்தைப் பற்றித்தான். எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். மைக்கில் ஒரு சத்தமும் இல்லை. நூறு கைகள் அந்தரத்தில் நிற்கின்றன. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் யாரோ, "மைக்கு போச்சா?" என்றார். மைக்செட்டுக்காரர் நிஜமாகவே வயரைப் பார்க்கக் குனிந்தார். கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். வட்டத்தில் பாண்டியம்மாவுக்கு அடுத்து நின்ற பெண், பாசத்தில்தான், எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள். என் பக்கத்தில் மாயழகு மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. "தன்னானே" தொண்டைவரை வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எனக்கும் வந்திருந்தது.

என் தொழிலில் நான் கற்றதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து "நிரப்பு, நிரப்பு" என்றது. நான் பாண்டியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இல்லை. தேடல் இருந்தது. செல்லூரில் நான் பார்த்த அதே முகம். சொல் வழியில் இருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அவர் இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தார், நமக்குத்தான் கேட்கவில்லை. வாய் திறந்த அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. மாயழகுவின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மைக்கைக் கீழே இறக்கிவிட்டேன். "தாயே, இது உன் நேரம்" என்று மனசுக்குள் சொன்னேன்.

"மண்."

பெரிய சத்தமாக இல்லை. பழைய குரலும் இல்லை. ஆனால் ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது.

கைகள் விழுந்தன. மூன்று வெறுந்தட்டு. அத்தனை வளையலும் ஒன்றாகக் குலுங்கிய அந்த மூன்று தட்டைப் போல ஒரு பாட்டை நான் பாடியதே இல்லை. "மண்ணுக்குள் விதை" என்று நான் எடுத்தேன், குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது. மாயழகு தாங்கிக்கொண்டான்.

"பச்சை" கொஞ்சம் சீக்கிரம் வந்தது. "முளை" இரண்டு துண்டாக வந்தது. இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒருவரும் அசையவில்லை. கடைசி வரியைப் பாடினோம்: "பெண்கள் கைகொட்டக் கேட்கிறது மண்." ஒரு சுற்று முடிந்தது. கமிட்டித் தலைவருக்குக் கொடுத்த வாக்குப்படி நான் மைக்கை இறக்கினேன்.

"மண்" என்றார் பாண்டியம்மா.

யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் சைகை காட்டவில்லை. பாட்டு வட்டமாயிற்றே! அவரே அடுத்த சுற்றைத் தொடங்கிவிட்டார். பெண்களின் கை அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு விழுந்தது. நான் கமிட்டித் தலைவரைப் பார்த்தேன். "நான் என்னண்ணே பண்ணட்டும்? அக்கா எடுத்துட்டாகளே!" என்றார். மூன்றாவது சுற்றில் அவரும் ஓரத்தில் நின்று கைகொட்டிக்கொண்டிருந்தார். பூசாரி தீபத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாயழகு பாடிக்கொண்டே அழுதான், அழுதுகொண்டே வேண்டுமென்றே ஒரு தட்டுத் தப்பினான். பாண்டியம்மா திரும்பி அவனை முறைத்தார். பழைய முறைப்பு. ஊரே சிரித்தது.

எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அவர்தான் நிறுத்தினார். மகளின் உள்ளங்கையில் அழுத்தி ஒரு கொட்டு வைத்து, "போதும்" என்றார். அதுவும் ஒரே சொல்தான். உடனே மணி அடித்தது, தீபம் ஏறியது.

நடந்தது இவ்வளவுதான். பந்தலில் என் பக்கத்தில் இருந்தவர் சொன்னது போல அவர் அன்று முழுப் பாட்டையும் பாடவில்லை. பழைய குரல் இடி மாதிரி திரும்பவில்லை. கை குணமாகவில்லை. நானும் அம்மனை நம்புகிறவன்தான், என் வீட்டில் அவளைக் கேட்காமல் ஒரு காரியமும் நடப்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், அவள் செய்ததற்கு மேல் நாம் கூட்டிச் சேர்ப்பது அவளுக்குக் குறைவு. சொல்லைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு ஒரு ஊரே கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்ததே, அதைவிட அருள் என்ன வேண்டும்?

உங்களிடமும் இனிமேல் புதுக்கவிதைகள் வரும். பிள்ளைகள் போனில் எழுதிக் கொண்டுவருவார்கள். எதுகை இல்லை என்று உடனே தள்ளிவிடாதீர்கள், "தன்னானே" போட்டு உடனே அடைத்தும் விடாதீர்கள். வார்த்தைகளை எண்ணுங்கள். எங்கே நிற்கிறது, எங்கே திரும்பிப் பிடிக்கிறது என்று பாருங்கள். வரி குட்டையாக இருந்தால், மீதி இடத்தில் யார் நிற்கப்போகிறார்கள் என்று எழுதியவரிடம் கேளுங்கள். மைக்கில் சத்தம் இல்லாதபோது உங்கள் வாய் "தன்னானே"யைத் தேடும். தேடட்டும். முகத்தைப் பாருங்கள். சொல் வழியில் இருக்கிறது என்று தெரிந்தால் நில்லுங்கள்.

எழுதி முடித்துவிட்டு, மாயழகுவையும் கூட்டிக்கொண்டு செல்லூருக்குப் போனேன். பவித்ரா முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். மாயழகு தப்பிய தட்டு வந்தபோது பாண்டியம்மா குலுங்கிச் சிரித்தார். "இதை நம்ம ஆட்களுக்குக் கொடுக்கலாமாக்கா?" என்று கேட்டேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் காத்திருந்தோம், எங்களுக்கு அது பழகிவிட்டது.

"கூட்டாம குடு அண்ணே" என்றார்.

மூன்று சொல். மாயழகு மூன்று விரலைத் தூக்கிக் காட்டினான்.

ஆகவே இதைப் படிக்கிற நீங்கள் அடுத்தவருக்குச் சொல்லும்போது, அவர் கேட்டுக்கொண்டபடியே சொல்லுங்கள். ஒரு சொல்லையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்த முதல் "மண்" வருவதற்கு முன்னால் நாங்கள் காத்திருந்தோமே, சொல்லிக்கொண்டு வருகிற நீங்களும் அந்த இடம் வந்ததும் வாயை மூடிக் கொஞ்சம் நில்லுங்கள். கேட்கிறவர்களின் கை தானாக உயரும்.